சுண்ணாம்பு பூசாத குற்றம்

பனை ஆண்டவன் கொடுத்த கற்பகதரு என்று யாழ்ப்பாணத்தான் நெடுங்காலம் நம்பியிருந்தான். பாளையில் சொட்டுவது மகாராணியாருக்குச் சொந்தம் என்பதைத் துரைமார் வந்துதான் விளங்கப்படுத்தினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கணக்கு லேசானது. தவறணைக் குத்தகையைக் கச்சேரியில் ஏலம் கூறுவார்கள். கூடக் கேட்டவனுக்கு அந்தப் பகுதியின் தாகம் முழுவதும் எழுதிக் கொடுக்கப்படும். கட்டிய காசை அவன் மீட்கவேண்டுமே. ஊர் இன்னும் கொஞ்சம் குடித்தாக வேண்டும். ஊர் குடித்துக் கெட்டால் சுதேசிகளுக்கு ஒழுக்கம் போதாது. குடிக்காமல் விட்டாலோ திறைசேரியில் துண்டு விழும். பாவம் துரை, எத்தனை கவலைதான் படுவார்!

1912இல் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. சாராயம் வேறு, கள்ளு வேறு என்று பிரித்துக் கள்ளுக்குத் தனித் தவறணைகள் திறந்தார்கள். கடையைக் கூட்டிக் குடியைக் குறைக்கிற வித்தை அது. தீவெங்கும் மதுவிலக்குக் கூட்டங்கள் கிளம்பின. அவற்றில் முன்னின்ற எஃப். ஆர். சேனநாயக்கவும் தம்பி டி. எஸ். சேனநாயக்கவும் 1915 கலவரத்தின்போது மறியலில் போடப்பட்டார்கள். குடிக்காதே என்று சொன்னவனை முடி சந்தேகத்தோடுதான் பார்த்தது.

விடிய முன்னம் தளநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியை இடுப்பில் செருகி ஏறுகிறானே, அவன் கதையைக் கேளுங்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பணி. பனங்கட்டி காய்ச்சலாம், அவன் நல்ல உழைப்பாளி. பூசாமல் விட்டால் அதே பனை, அதே பாளை, அதே மனுசன், ஆனால் கள்ளு. கையில் அனுமதிச்சீட்டு இல்லையென்றால் மரத்தடியில் மதுவரிக்காரர் காத்திருப்பார். பிறகு மரவரி என்று ஒன்றும் வந்தது: மரத்துக்கு இவ்வளவு கட்டு, சீவு. மரத்தை எண்ணத் தெரிந்த அரசுக்கு அதிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவனை எண்ணத் தோன்றவில்லை.

நம்முடைய பெரிய மனிதர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சீவுகிறவனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அவன் இறக்கிய கள்ளைப் பொழுதுபட்டபின் வேலிக்குப் பின்னால் பிளாவில் வாங்கிக் குடித்தார்கள். விருந்தாளி வந்தால் மேசையில் ஸ்கொட்லாந்துப் போத்தல். அது கப்பலில் வந்தது, சுங்கவரி கட்டியது, ஆகவே அதற்குத் தீட்டில்லை. மறுநாள் மேடையில் குடியின் கேடு பற்றி மணிக்கணக்கில் பேச்சு. எவ்வளவு வசதியான பக்தி!

1948இல் துரைமார் கப்பலேறினார்கள், சட்டம் ஏறவில்லை. வருமானம் தருகிற சட்டத்தை எந்தச் சுதேசி மந்திரி கடலில் எறிவார்? முந்திய ஆட்சி அள்ளிக் கொடுத்த மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியலை 2024 டிசம்பரில் புதிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்தது. அவை எல்லாம் கொடுக்கப்பட்டது அதே 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான்.