தொந்தியின் வயது: ஒரு காலக்கணிப்பு

"கல்யாணத்தப்போ போட்ட தொந்தி, இருபது வருஷமா இறங்கவே இல்லை" என்பார் கூற்று வரலாற்றுப் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு. சான்று கரிமத்தில் இருக்கிறது. 1963இன் அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு முன்பு வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கரிமம்-14 ஏறத்தாழ இரட்டித்தது. பிறகு ஆண்டுக்காண்டு குறைந்தது. காற்றிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து பந்திக்கும், பந்தியிலிருந்து இடுப்புக்கும் அது வந்து சேர்ந்தது. ஆகவே கொழுப்பில் அதன் அளவைப் பார்த்தால், எந்தக் காலத்துச் சாப்பாடு என்று தெரிந்துவிடும். (குண்டு வெடித்தவர்கள் தொந்தியியலை மனத்தில் வைத்து வெடிக்கவில்லை, ஆயினும் நன்றி சொல்வது முறை.) சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் இப்படிக் கணித்து 2011இல் வெளியிட்ட முடிவு: உடற்கொழுப்பின் சராசரி வயது 1.6 ஆண்டு. கல்யாண விருந்தின் நெய் எப்போதோ எரிந்துபோயிற்று.

அப்படியானால் தொந்தி ஏன் அங்கேயே நிற்கிறது என்று கேட்கலாம். சத்திரத்தில் வழிப்போக்கர் மாறுவார்கள், சத்திரம் மாறாது. சத்திரத்தின் அறைகளான கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை பதின்பருவம் முடிவதற்குள் ஏறக்குறைய நிலைபெற்றுவிடுகிறது. பிறகு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செத்து, அதே அளவு புதிதாய்ப் பிறக்கிறது. வயிற்றை அறுவைசெய்து சுருக்கி இளைத்தவர்களிடம் 2 ஆண்டு கழித்து எண்ணியபோதும் அறைகள் குறையவில்லை, காலியாகிச் சிறுத்திருந்தன. அறைகள் ஆளுக்கு ஆள் வேறு. வந்தவர் தங்கும் நாளும் வேறு. பருத்தவர் உடலில் கொழுப்பு கூடுதல் காலம் தங்குகிறது, காலிசெய்ய மனமில்லாத குடித்தனக்காரரைப்போல.

"ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுதானே" என்ற அடுத்த ஆட்சேபத்துக்குக் கனடாவின் கியூபெக்கில் பதில் கிடைத்தது. 12 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையர்களுக்கு 100 நாளில் 84 நாள், தினமும் 1,000 கலோரி கூடுதலாக ஊட்டினார்கள். ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஆனால் ஒரே ஜோடிக்குள் வேறுபாடு சிறிது. எனவே "எங்க வீட்டு உடல்வாகு" என்ற வாதம் ஏற்கப்படுகிறது. "பச்சைத்தண்ணி குடிச்சாலும் சதை போடுது" என்பது மட்டும் தள்ளுபடி. கொழுப்புக்குக் கரிமம் வேண்டும், தண்ணீரில் அது இல்லை. இனி தொந்தியின் பூர்வீகம் விசாரிப்போர், போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியிலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.