பாய்மரப் படகில் பசை தடவுவது எப்படி?

படகு வாங்கியாயிற்று. உள்ளே ஒரு புத்தகத் தட்டும் படிக்க ஒரு விளக்கும் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். நாலு ஸ்க்ரூ முடுக்கினால் தீர்ந்தது என்று டிரில்லைக் கையில் எடுக்கிறீர்களா? தாராளமாக எடுங்கள். ஃபைபர் கிளாஸ் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது பக்கத்து வீடு அல்ல, கடல் என்பதை மட்டும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

மறக்க முடியாதவர்களுக்குப் பசை. முதலில் சிலிக்கான். மலிவு, குளியலறையில் பார்த்துப் பழகிய முகம் வேறு. வினிகர் நெடி அடிக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதிலிருந்து கிளம்பும் அமிலம் பக்கத்திலிருக்கும் செம்பையும் அரித்துக் கொடுக்கும், தனிக் கூலி கிடையாது. அலையில் தட்டு ஆடி ஆடிச் சீக்கிரமே கழன்றுவிடும். சிலிக்கான் மட்டும் போகாது. எவ்வளவு சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தங்கிவிடும். அதன்மேல் பெயின்ட்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. தானும் ஒட்டாமல் அடுத்தவரையும் ஒட்டவிடாத சொந்தக்காரர் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பாரே, அவரேதான்.

வீராதி வீரர்களுக்கு த்ரீ எம் 5200. பாலியூரித்தேன் ஜாதி. காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகுவது. முழுக்க இறுக ஐந்திலிருந்து ஏழு நாள் பிடிக்கும். பாதி மிச்சம் வைத்த டியூபும் அதே ஈரத்தில் கல்லாகும், கடைக்காரருக்குச் சந்தோஷம். விளக்கை இதில் ஒட்டுவது உத்தமம். என்றைக்காவது ஸ்விட்ச் கெட்டுப்போய்க் கழற்றப் போனால் விளக்கு தனியாக வராது, சுவரின் மேற்பூச்சான ஜெல்கோட்டையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும்.

எபாக்ஸிக்கு வருவோம். எண்பதாம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, பிறகு தடவச் சொல்வார்கள். பெயின்ட்டின் மேலேயே தடவுங்கள். எபாக்ஸி பெயின்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பெயின்ட் சுவரை விட்டுவிடும். வெஸ்ட் சிஸ்டம் கம்பெனி எபாக்ஸியில் 105 ரெசினுக்கு 205 ஹார்டனர் ஐந்துக்கு ஒன்று என்று கணக்கு. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் அது ஒழுங்காக இறுகவே இறுகாது. ஒரு கோப்பை நிறையக் கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். திரும்பி வருவதற்குள் கோப்பை கொதித்து, புகைந்து, உள்ளே குச்சி நட்டுக்கொண்டு நிற்கும்.

விஷயம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். தேய்த்த சுவரில் சிறு மரக்கட்டையை எபாக்ஸியால் ஒட்டிவிட்டு, தட்டையும் விளக்கையும் அந்தக் கட்டையில் ஸ்க்ரூ போட்டு மாட்டுகிறார்கள். ஸ்க்ரூ கட்டையோடு நின்றுவிடும். வேண்டும்போது கழற்றலாம், கடலும் உள்ளே வராது. என்ன, இதில் சாகசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு தொல்லை. படகின் சுவர் வளைவு, ஈர எபாக்ஸியோ வழுக்கல். எதிர்ச்சுவரிலிருந்து குச்சி முட்டுக் கொடுக்காவிட்டால் கட்டை ராத்திரியோடு ராத்திரியாக நாலு விரற்கடை கீழே இறங்கி, அங்கேயே இறுகிவிடும். வீட்டம்மா கேட்டால், உட்கார்ந்தபடி எட்டி எடுக்கத் தோதாக இருக்கட்டும் என்றுதான் தாழ்வாக வைத்ததாகச் சொல்லிவிடுங்கள்.