கருமணலின் பயோடேட்டா

சிலர் ராசிபலன் வாசிப்பார்கள், சிலர் மணமகன் தேவை பக்கத்தை வாசிப்பார்கள். எனக்கு வாய்த்த கெட்ட பழக்கம் வேறு. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு நிபுணர்கள், பாதுகாப்புத் தளவாட வணிக ஆலோசகர்கள் என்று ஒரு கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. அவர்களுடைய தன்விவரக் குறிப்புகளை விடாமல் வாசிப்பேன். கருத்தரங்கு அழைப்பிதழின் பின்பக்கம் அச்சாகி வரும். டை கட்டிய படம், அதன் கீழே பத்து வரி. வரன் விளம்பரத்தில் பையனின் குடியைச் சொல்லமாட்டார்கள் அல்லவா, அதே நேர்மையோடு எழுதியிருப்பார்கள்.

"உரிமம் வழங்கும் பிரிவில் இருபது ஆண்டு அனுபவம். தற்போது முன்னணி நிறுவனங்களுக்கு உரிமம் பெறுவது குறித்து ஆலோசனை வழங்குகிறார்." ஆளுக்கு ஆள் ஊர் மாறும், வருடக்கணக்கு மாறும், இந்த இரண்டு வாக்கியம் மாறாது. நடுவில் கிடக்கும் முற்றுப்புள்ளியைக் கவனியுங்கள். உலகத்திலேயே விலை கூடிய முற்றுப்புள்ளி அதுதான். புள்ளிக்கு முன்னால் மேசைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றவன், புள்ளிக்குப் பின்னால் சம்பளம் கொடுக்கிறான். வாஷிங்டன்காரர்கள் இதற்குச் சுழல்கதவு என்று பேர் வைத்து, அந்தக் கதவைப் பற்றியும் ஒரு கருத்தரங்கு நடத்திவிடுவார்கள். நம் டெல்லியிலோ விதியே உண்டு: ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போவதானால் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஓராண்டு! எங்களூரில் மரச்சீனிக் கம்பை நட்டுக் கிழங்கு பிடுங்குகிற காலம். அதற்குள் பழைய நாற்காலியின் சூடு ஆறிவிடுமாம்.

ஆளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஸ்கோமெட் என்று நம் நாட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. ரசாயனம், கிருமி, உலோகம், கருவி, தொழில்நுட்பம் என்று, நாடு விட்டு நாடு போனால் ஆபத்தாகக்கூடிய எல்லாம் அதில் உண்டு. போர்த்தளவாடம் என்றால் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் வாசல், அணுச் சமாசாரம் என்றால் அணுசக்தித் துறையின் வாசல், மற்றதுக்கெல்லாம் வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் வாசல். எந்தச் சாமானுக்கு எந்த வாசலில் நிற்பது என்று சொல்லித்தரவே ஓர் ஆள் வேண்டும். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர் செய்வதும் இதே வேலைதான். அவர் ஐம்பது ரூபாய் வாங்குவார், படம் போட்டுக்கொள்ளமாட்டார்.

நாஞ்சில் நாட்டான் உனக்கு இதில் என்னவே சோலி என்று கேட்கலாம். சோலி இருக்கிறது. இந்த நிபுணர்கள் வாயைத் திறந்தால் கொட்டுகிற அரிய மண் உலோகம், தோரியம், கேந்திர முக்கியத்துவம் எல்லாம் எங்கள் மணவாளக்குறிச்சிக் கடப்புறத்தில் காலடிக் கருமணலில் கிடக்கிறது. ஆனால் நான் வாசித்த ஒரு குறிப்பிலும் மணவாளக்குறிச்சி என்ற சொல் இல்லை. ஜெனீவா இருக்கிறது, வியன்னா இருக்கிறது, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் இருக்கிறது. சரி, ஆளுக்கு மட்டும்தான் பயோடேட்டா எழுத வேண்டுமா, மணலுக்கும் எழுதிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

பேர்: மோனசைட். உடன்பிறந்தோர்: இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட். பிறந்த ஊர்: கல்குளம் தாலுகா. உலகத்தின் கண்ணில் பட்டது 1909இல், ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனக்காரர் வழியாக. இங்கிருந்து போன தேங்காய்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் மோப்பம் பிடித்தார் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. கயிறு திரித்த பெண்ணின் பேர் அந்தக் கதையில் வராது. முதல் வேலை: ஐரோப்பாவின் தெருக்களில் வெளிச்சம். காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும், தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். பெர்லினில் விளக்கு எரிந்தது, எங்கள் கடப்புறத்தில் மண்ணெண்ணெய்ச் சிம்னி எரிந்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

அணுகுண்டு வெடித்த பிறகு பயோடேட்டாவின் தோரணையே மாறிவிட்டது. விளக்குத்திரிச் சாமான் ராத்திரியோடு ராத்திரியாக ராணுவ ரகசியம் ஆனது. 1947இல் திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயர், மூன்று ஆண்டில் 9,000 டன் மோனசைட் தருவதாக பிரிட்டிஷ் சப்ளை அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட்டார். தனி நாடு கேட்ட திவானுக்கு மணல்தான் முட்டுக்கட்டை, அதாவது முட்டுக் கொடுக்கிற கட்டை. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற பழமொழி இருக்கிறதல்லவா, அதன் ராஜதந்திர வடிவம். 1951இல் இந்தியாவில் பஞ்சம். கோதுமை கேட்டோம். தருகிறோம், மோனசைட் தா என்று வாஷிங்டனில் குரல் எழுந்தது. நேரு வளைந்து கொடுக்கவில்லை. கோதுமை கடனாக வந்தது.

1953 ஜூலையில்தான் இந்தப் பயோடேட்டாவின் உச்சம். அதற்கு முந்தின வருடக் கடைசியில் ஆலுவாயில் மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து தொடங்கிய இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆலையை நேரு திறந்துவைத்திருந்தார். மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரைகளின் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை. நம் நாட்டில் எடுத்த தோரியம் நைட்ரேட் ஏறத்தாழ ஒரு டன், போலந்துக் கப்பல் ஒன்றில் பம்பாயிலிருந்து சீனாவுக்குக் கிளம்பிற்று. அமெரிக்காவில் பேட்டில் சட்டம் என்று ஒன்று இருந்தது. சண்டைச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், அதைக் கொண்டுவந்த அலபாமா உறுப்பினரின் பேர் பேட்டில். கம்யூனிஸ்டு நாடுகளுக்குத் தடைசெய்த சாமானை யார் அனுப்பினாலும் அவர்களுக்கு அமெரிக்க உதவி நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். வெளியுறவு அமைச்சர் டல்லஸ் துடித்தார், தூதர் டெல்லியில் கதவு கதவாகத் தட்டினார். எங்கள் வணிகத்துக்கு உங்கள் நிபந்தனை செல்லாது என்றார் நேரு. கடைசியில் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் உட்கார்ந்து, யாரும் தோற்கவில்லை என்று பொருள்படும்படி வாசகங்களைச் சீவி முடித்தார்கள். பிற்பாடு அமெரிக்காவே நம்மிடம் தோரியம் நைட்ரேட் வாங்க முன்வந்தது.

மணலுக்காக இரண்டு பெரிய நாடுகள் வாதாடிக்கொண்டிருந்த அதே நாட்களில், மணலின் சொந்தக்காரர்கள் எந்த மாநிலத்தில் சேர்வது என்று போராடிக்கொண்டிருந்தார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்துப்போனார்கள். அதற்கு எந்தத் தூதரும் கதவு தட்டவில்லை. கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஆள் கிடையாது, மணல்தான் உண்டு.

பிறகு 1998. பொக்ரானில் குண்டு வெடித்ததும் அமெரிக்க வணிகத் துறை இந்திய நிறுவனங்களைக் கரும்பட்டியலில் ஏற்றியது. அதில் இந்தியன் ரேர் எர்த்ஸும் ஒன்று. எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் இந்தப் பேச்சு வந்தது நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணாச்சி, நம்ம மணல் கம்பெனி பேரை அமெரிக்காக்காரன் லிஸ்டுல போட்டிருக்கானாமே?"

"வோட்டர் லிஸ்டுலயா மக்கா?"

"இல்ல, எதிரி லிஸ்டுல."

"போட்டும். ரேஷன் கார்டு லிஸ்டுல என் பேரை எப்பப் போடுவாவ, அதைக் கேட்டுச் சொல்லு."

2025 ஜனவரியில் அந்தப் பேரை எடுத்துவிட்டார்கள். கூடவே பாபா அணு ஆராய்ச்சி மையத்தையும் கல்பாக்கம் இந்திரா காந்தி மையத்தையும் எடுத்தார்கள். இருபத்தாறு வருடம் ஆபத்தாக இருந்த மணல் ஒரு குளிர்காலக் காலையில் நண்பனாகிவிட்டது. மணல் மாறவில்லை. அரிய உலோகத்தைச் சீனா கையில் வைத்திருப்பது அவர்களுக்குத் திடீரென்று உறைத்தது, அவ்வளவுதான். இடைப்பட்ட கால் நூற்றாண்டில், பட்டியலில் ஏன் இருக்கிறது என்று விளக்கி வருமானம் பார்த்த நிபுணர்கள், இனி பட்டியலிலிருந்து ஏன் போனது என்று விளக்கி வருமானம் பார்ப்பார்கள். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஓடுகிற வியாபாரம் குடைக்கடை ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

இதுவரை சிரித்தாயிற்று. இனி சிரிப்பு வரவில்லை.

2007 ஜனவரி 1 முதல் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் மூன்றையும் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பட்ட பொருள் பட்டியலிலிருந்து டெல்லி எடுத்துவிட்டது. எடுக்கச் சொன்னவர்கள் யார்? நிபுணர்கள். மோனசைட் மட்டும் பட்டியலில் இருக்கும், அதைத் தொடக்கூடாது. அடேயப்பா, என்ன அறிவு! கடலம்மை இந்த ஐந்தையும் தனித்தனிச் சட்டியில் போட்டா கொண்டுவந்து தருகிறாள்? ஒரே அலை, ஒரே மணல். ஒரு கை அள்ளினால் எல்லாம் சேர்ந்தே வரும். சோற்றை அள்ளு, உப்பை விட்டுவிடு என்பது போன்ற இந்த உத்தரவைப் படித்த எந்த மேதைக்கும் சந்தேகம் வரவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் தனியார் லாரிகள் ஓடின. 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் ஆஷிஷ் குமார் குவாரிகளில் சோதனை போடச் சொன்னார். சோதனை நடந்த கையோடு அவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு போட்டார்கள், தூத்துக்குடியில் மணல் அள்ளத் தடை போட்டார்கள், செப்டம்பரில் மற்ற மாவட்டங்களுக்கும் தடையை நீட்டினார்கள். தனியார் ஏற்றுமதியை மத்திய அரசு மூடியது 2018இல். 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது, 5,832 கோடி ரூபாய் வசூலிக்கச் சொன்னது.

2007லிருந்து 2018 வரை பதினோரு வருடம். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக, கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் படிவம் இருக்கும், முத்திரை இருக்கும், தகுதி படைத்த ஒருவரின் கையெழுத்து இருக்கும். கையெழுத்துப் போட்டவர்களின் தன்விவரக் குறிப்பு இப்போது எந்த அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சாகிக்கொண்டிருக்கிறது? "கனிம ஏற்றுமதியில் நீண்ட அனுபவம்" என்று எழுதியிருப்பார்கள். எழுதட்டும். நீண்டதுதான், சந்தேகமில்லை.

சொந்த வள்ளத்துக்கு மானிய மண்ணெண்ணெய் நாலு லிட்டர் கூட வாங்கிய மீனவனை நாள் முழுக்க விசாரிக்கத் தெரிந்த அரசாங்கம் இது.

இப்போது கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஊர்களில் 1,144 ஹெக்டேர் மணல் அள்ளத் திட்டம். இந்த முறை தனியார் இல்லை, இப்போது மத்திய அரசு நிறுவனமாக இருக்கும் அதே இந்தியன் ரேர் எர்த்ஸ். 2024 அக்டோபர் 1 அன்று பத்மநாபபுரத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். ஊர்கள் கொதித்ததும் தள்ளிவைத்தார்கள். அடுத்த வருடம் சீனா அரிய உலோக ஏற்றுமதியை இறுக்கியது. உடனே டெல்லிக்கு ஞானம் பிறந்தது. 2025 செப்டம்பர் 8 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது: அணுக் கனிமம், கேந்திரக் கனிமம் தோண்டும் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம். இந்த விலக்கைக் கேட்டவர்கள் பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும். ஏவுகணைக்கு வேண்டுமாம், ரேடாருக்கு வேண்டுமாம், தோரியம் உலைக்கு வேண்டுமாம். தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் இனயத்துக்காரன் எழுந்து நின்று "எங்க வீட்டை எங்க கொண்டு வைக்க?" என்று கேட்கக்கூடாது. அவன் வீடு நிற்பது தேசத்துக்கு வெளியே போல.

எத்தனை வசதி பாருங்கள். அமெரிக்கனிடமிருந்து மணலைக் காப்பாற்றக் கட்டுப்பாடு, சீனனிடமிருந்து காப்பாற்றக் கட்டுப்பாடு, ஜப்பானுக்குப் போகிறதையும் நிறுத்து என்று 2025 ஜூனில் டெல்லி சொன்னதாகச் செய்தி. கடைசியில் யாரிடமிருந்து காப்பாற்றினார்கள் என்று பார்த்தால், அதன்மேல் குடியிருக்கிறவனிடமிருந்து.

கருத்துச் சொல்லத் தகுதி வேண்டும் என்பதுதான் அவர்கள் மனசில் இருப்பது. சரி, தகுதியே பேசுவோம். ஒரு கடப்புறத்து அம்மச்சியின் பயோடேட்டாவை அவர்கள் பாணியிலேயே எழுதித் தருகிறேன். கருமணல் துறையில் அறுபதாண்டு அனுபவம்: பத்து வயதில் அலை ஒதுக்கிய மணலைக் கடவத்தில் வாரித் தலையில் சுமந்து கம்பெனிக்கு விற்றவர். கதிர்வீச்சுத் துறையில் களப்பணி: அந்த மணலில் பாய் விரித்துத் தூங்கியவர். கரைந்து போகும் கரை பற்றி நேரடி ஆய்வு: பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது வள்ளம் ஓடுகிறது. பேரிடர் மேலாண்மை: 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல். நீவாடு எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மாதம் கடல் மணலைக் கொண்டுபோகும், எந்த மாதம் திருப்பித் தரும் என்பதில் சிறப்புத் தேர்ச்சி. வெளியிட்ட கட்டுரைகள்: இல்லை. ஓய்வுக்குப் பின் ஆலோசகர் பதவி: இல்லை. ஓய்வே இல்லை. ஊரில் இத்தனை பேருக்குப் புற்றுநோய் ஏன் என்று கலெக்டர் ஆபீசில் எத்தனையோ முறை மனு கொடுத்திருக்கிறார். பதில்: பரிசீலனையில்.

இதற்கு மேல் என்ன பின்னணி வேண்டும் உங்களுக்கு?

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுத்து, மக்கள் கருத்துக் கேட்பை எப்படி நடத்துவது என்று சொல்லும் பிற்சேர்க்கையை யாரும் வாசித்துப் பார்க்கலாம். அங்கே எழுந்து பேசுகிறவனுக்குப் பட்டம் வேண்டும், பதவி வேண்டும், அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு வரி இல்லை. குறிப்பாணையைக் கிழித்துப் போட்டுவிட்டு நிபுணர்களைக் கீழ்மிடாலம் கடப்புறத்துக்கு அனுப்பி வையுங்கள். நாற்காலி நாங்கள் போட்டுக்கொள்கிறோம். பயோடேட்டா கேட்கமாட்டோம்.