மாண்புமிகு உறுப்பினரின் குரல் வளம்

எங்கள் தொகுதிக்கு வாய்த்ததைப் போன்ற எம்.பி. வேறு யாருக்கும் வாய்த்ததில்லை என்று எழுதினால் பக்கத்துத் தொகுதிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கும் இதே அச்சில் ஒருவர் வாய்த்திருக்கிறார். ஆகவே பெயரைச் சொல்லாமலே புகழ்கிறேன். யாருக்குப் பொருந்துகிறதோ அவர் மாலையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

சென்ற கூட்டத்தொடரில் அவர் பேசியதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சன்சத் டிவியில் ஓடி முடிந்த சூட்டிலேயே, பின்னணி இசை சேர்த்து, சிங்கத்தின் படம் ஒட்டி, எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை, ஏழைகளுக்கு வீடு இல்லை, ரயில்வே சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நிற்கிறது. பூஜ்ய நேரத்தில் ஒருவர் ஒரு விஷயத்தைத்தான் பேசலாம் என்பது வழக்கம். நம்மவர் மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். சபாநாயகர் அடுத்தவர் பெயரைக் கூப்பிடும்போதுதான் சுரங்கப்பாதைக்கு வந்திருந்தார். ரயில்வே முழுக்க முழுக்க மத்திய அரசின் கையில் இருப்பது. மூன்றில் டெல்லி நேராகச் செய்து கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். அதைக் கடைசியில் வைத்து, மைக் அணைந்த பிறகும் உதடு அசைத்துச் சொல்லி முடித்த உறுதியை எப்படிப் பாராட்டுவது!

அவருடைய பெருந்தன்மைக்கு இன்னொரு சான்று, அவர் தேர்ந்தெடுக்கும் நேரம். காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20 பட்டியலில் வரும். முறை வந்துவிட்டால் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். கேட்டவர் துணைக்கேள்வி போட்டு மேலும் குடையலாம். இதெல்லாம் ஒரு மனிதரைச் சங்கடப்படுத்துகிற வேலை. நம்மவர் அந்தப் பாவத்துக்குப் போவதில்லை. 12 மணிக்கு மேல் வருகிற, அவை விதிப்புத்தகத்தில் பெயர்கூட இல்லாத பூஜ்ய நேரத்துக்கே சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அங்கே அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல நாள் சம்பந்தப்பட்ட அமைச்சர் அவையிலேயே இருக்க மாட்டார். இல்லாத அமைச்சரை இந்த அளவுக்கு மடக்கியவர் நாடாளுமன்ற வரலாற்றில் எத்தனை பேர் இருப்பார்கள்?

எழுத்து மூலம் பதில் கேட்பதிலும் அவர் சளைத்தவரல்ல. யார் எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்று பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் முன்வரிசையில் நிற்க ஒரு சூத்திரம் உண்டு. அதைக் கரைத்துக் குடித்தவர் நம்மவர். (அ) மருத்துவர் பற்றாக்குறை இருப்பது அரசுக்குத் தெரியுமா. (ஆ) தெரியுமெனில், அதன் விவரம். (இ) தெரியாதெனில், அதற்கான காரணம்? நோயின் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் மாற்றிக்கொண்டால் ஐந்தாண்டுக்கு வரும். பதிலும் மாறாது. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பொருள் என்று அமைச்சகத்தின் பதில் ஆரம்பிக்கும். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில், 6-ஆவது இனமாக அது 1950 முதல் அச்சில் இருக்கிறது. அவருக்கு இது தெரியாது என்று நினைப்பவர்கள் அவரைக் குறைத்து எடைபோடுகிறார்கள். சென்னையில் இருக்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்ப வேண்டிய காலியிடத்தை டெல்லியில் கேட்டால்தானே கேள்வி, கேள்வியாகவே நிலைக்கும்?

எப்போதாவது அமைச்சகத்துக்கு வாய் தவறி, 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்படுகிறது' என்று எழுதிவிடுவதுண்டு. மக்களவையின் கணக்கில் இவை வாக்குறுதிகள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அவற்றைத் துரத்திப் பிடிக்கவென்றே 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. நம்மவர் அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதித் தொல்லை கொடுத்ததில்லை. அறிவித்தவை எந்த வேகத்தில் நடக்கின்றன என்பதற்கு மதுரை எய்ம்ஸைப் பாருங்கள். 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ஒன்று என்று அறிவித்தார்கள், 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டினார்கள், 2022-இல் முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். கட்டடம் வருவதற்கு முன்பே டாக்டர்களை உருவாக்கத் தொடங்கிய விரைவுக்கு அமைச்சகத்தையும் இந்த மாலையில் ஒரு பூவாகச் சேர்த்துவிடலாம்.

ஆனால் எங்கள் எம்.பி.யின் அடக்கத்தை முழுமையாக அறிய டெல்லிக்குப் போக வேண்டாம், கலெக்டர் ஆபீசுக்குப் போனால் போதும். மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று 2016-இல் ஏற்படுத்தப்பட்டது. சுருக்கமாக 'திஷா'. எங்கள் மாவட்டத்தில் அதன் தலைவர் இவர்தான். உறுப்பினர் செயலர் கலெக்டர். பிரதமரின் வீடு கட்டும் திட்டம், தேசிய சுகாதார இயக்கம், ஊரக வேலைத் திட்டம் என மத்தியப் பணம் புழங்கும் திட்டங்கள் எல்லாம் அந்த மேசைக்கு வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். சுகாதாரத் துறை அதிகாரி, ஊரக வளர்ச்சித் திட்ட இயக்குநர் எல்லாம் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஊரில் எத்தனை வீடு பாதியில் நிற்கிறது, எந்தச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் மட்டும் பிரசவம் பார்க்கிறார் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்கலாம்.

அங்கேதான் நம்மவர் மௌனம் காக்கிறார். கூட்டம் தள்ளிப்போகும், நடந்தாலும் குத்துவிளக்கு, பொன்னாடை, குழுப்படம், முந்திரி பக்கோடா. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதிகாரிகளை அதட்டுவது அழகல்ல என்று அவர் கருதுகிறார் போலும். சன்சத் டிவியின் கேமரா அந்த அறையில் இல்லை என்பதையும் இதையும் முடிச்சுப் போடுவது அற்பர் வேலை.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. அதில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடுதல் அறை கட்டலாம், ஆம்புலன்ஸ் வாங்கலாம். அவர் பரிந்துரைத்தவை உயர்கோபுர மின்விளக்குகளும் பயணியர் நிழற்குடைகளும். நிழற்குடையில் அவர் படம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. பஸ் நிற்காத இடத்தில் கட்டியதால் யாரும் சாய்ந்து அழுக்காக்குவதுமில்லை.

வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் புகழ்ச்சி குறைப்பட்டுப் போகும். வீடியோவில் 'ஓட்டைக் குடிசையில் வாழும் ஒரு தாய்' என்று குரல் தழுதழுக்க அவர் குறிப்பிட்டது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பாட்டியைத்தான். சமவெளியில் ஒரு வீட்டுக்கு மத்தியத் திட்டம் கணக்கிட்டிருக்கும் தொகை 1,20,000 ரூபாய். 2016-இல் வைத்த தொகை. சிமென்டும் கம்பியும் கொத்தனார் கூலியும் ஏறின, அது ஏறவில்லை. அது ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பாட்டிக்குக் கிடைத்த நேரம் குறைந்திருக்கும், தழுதழுப்பதற்கும் இடம் இருந்திருக்காது.

பாட்டி முதலில் ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளில்தான் மனு கொடுத்தார். 2011 கணக்கெடுப்புப் பட்டியலிலும் பெயர் இல்லை, 2018-இல் எடுத்த கூடுதல் பட்டியலிலும் இல்லை என்று ஒன்றிய அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். அதன்பிறகே எம்.பி. அலுவலகம். மனு டெல்லியில் பேச்சானது. பேச்சின் நகல் ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்குப் போனது. அமைச்சகம், பயனாளிகளைத் தேர்வு செய்வது மாநில அரசின் வேலை என்று குறிப்பெழுதிச் சென்னைக்கு அனுப்பியது. சென்னை, உரிய நடவடிக்கைக்கு என்று கலெக்டருக்கு அனுப்பியது. கலெக்டர் அலுவலகம் திட்ட இயக்குநருக்கு, அவர் ஒன்றிய அலுவலகத்துக்கு. முதலில் திருப்பியனுப்பிய அதே உதவியாளரின் மேசையில், ஐந்தாறு முத்திரைகளோடு கனத்துப்போய் அது வந்து உட்கார்ந்தது.

அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, முறைப்படி பதில் எழுதினார். பார்வையில் காணும் கடிதத்தின் மீது தெரிவிக்கப்படுவது என்னவெனில், மனுதாரரின் பெயர் இரண்டு பட்டியல்களிலும் இடம்பெறவில்லை. நகல், மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களின் மேலான தகவலுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது.

நகல் கிடைத்ததும் எம்.பி. அலுவலகத்தில் ஒரே உற்சாகம் என்று கேள்வி. குளிர்காலக் கூட்டத்தொடருக்கு என்ன பேசுவது என்று தேடிக்கொண்டிருந்தார்களாம்.