அவசரம், சிஸ்டர்!

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்காத கேள்வி இல்லை. ஆடுகிற பல் உண்டா, கட்டின பல் உண்டா, சுகர், பிரஷர், ஆஸ்துமா, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது? மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். அரைஞாண் கயிற்றைக்கூட விடவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு சேதியை மட்டும் யாரும் சொல்லவில்லை: கண் விழிக்கும்போது ஒன்றுக்கு முட்டும், ஆனால் வராது.

எனக்கு வந்தது சிறுநீரகக் கல். வாழைத்தண்டுச் சாற்றுக்கெல்லாம் மசியாத ஜாதி. முதுகில் துளை போட்டு எடுத்தார்கள். முழு மயக்கம் என்பதால் சிறுநீர் போக டியூப் வைத்ததே எனக்குத் தெரியாது. வில்லங்கமே அங்கேதான்.

"சிஸ்டர், பாத்ரூம் போகணும்."

"டியூப் போட்டிருக்கு சார். தானா போயிடும்."

"போகல. எனக்கு வருது."

"பையில 300 மில்லி இருக்கு, பாருங்க."

"அது போனது, சிஸ்டர். நான் சொல்றது வரப்போறது!"

கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தேன். இரண்டு பேர் அமுக்கினார்கள். ஒருவரை உதைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

மறுநாள் வந்த மயக்க டாக்டர் சாவகாசமாக விளக்கினார். டியூப் நழுவாமலிருக்க அதன் நுனியில் ஒரு குட்டி பலூன். உள்ளே 10 மில்லி தண்ணீர். 1930களில் இந்த வகையை உருவாக்கியவர் ஃபோலி என்ற அமெரிக்க டாக்டர். பலூன் போய் உட்காருவது சிறுநீர்ப்பையின் வாசலில். அங்கே ஏதாவது உறுத்தினால் பை தானாக இறுகும். உள்ளே சொட்டு நீர் இருக்காது. காலி பஸ்ஸில் நின்றுகொண்டு 'இடமில்லை' என்று கத்தும் கண்டக்டர் மாதிரி அது பாட்டுக்கு அலறும்.

"ரெண்டு சிசேரியனுக்கும் எனக்கு இதே டியூப்தான். நான் யாரையாவது உதைச்சேனா?" என்றாள் மனைவி.

டாக்டர் அவள் கட்சி. ஆண்களுக்குத்தான் இந்த அவஸ்தை அதிகமாம். பெண்களுக்குப் பாதை 4 சென்டிமீட்டர், நமக்கோ 20. டியூப் பருமனாக இருந்தாலும் மோசம். ஃபிரெஞ்சு அளவில் 3 என்றால் 1 மில்லிமீட்டர். 18ஐத் தொட்டாலே ரகளை கூடும். பிரான்ஸ்காரர்கள் எதையெல்லாம் அளந்திருக்கிறார்கள் பாருங்கள்!

தடுக்க வழி இல்லாமலில்லை. லக்னோவில் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழக டாக்டர்கள், ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் 2 மில்லிகிராம் டால்டெரோடின் மாத்திரை கொடுத்துப் பார்த்து, உபத்திரவம் குறைகிறது என்று 2005லேயே எழுதிவிட்டார்கள். பையை இறுக்கும் நரம்புச் சேதியை அது மறித்துவிடுகிறது. வாய் கொஞ்சம் உலரும். "அது நல்லதுதானே?" என்றாள் மனைவி. டிரமடால், கெட்டமைன் ஊசிகளும் உதவுமாம். ஆனால் முன்னது குமட்டும், பின்னது கண்டதையும் காட்டும். டியூப் இழுபடாமல் தொடையில் ஒட்டிவைப்பதும், விஷயத்தை நோயாளி காதில் முன்கூட்டியே போடுவதும் காசில்லாத வைத்தியம். அரைஞாண் கயிற்றுக்குச் செலவிட்ட நேரத்தில் பாதி போதும்.

"இதெல்லாம் இப்ப சொல்லி என்ன டாக்டர் பிரயோஜனம்?" என்றேன்.

அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முகம் மலரச் சொன்னார்: "கவலையே படாதீங்க சார். இடது பக்கமும் சின்னதா ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடியே மாத்திரை கொடுத்துடலாம்."