கட்டதிகாரம்

கட்டம் என்னும் சொல் தமிழில் பல பொருள் குறித்து வரும். அவற்றுள் இவ்வாய்வுக்கு வேண்டியவை மூன்று. ராசிக்கு 12, நவாம்சத்துக்கு 12 என்று ஜாதகத்தில் நிற்பது ஒன்று. கண்டாங்கிச் சேலையில் ஓடுவது ஒன்று. எக்செல் தாளில் நிரப்பச் சொல்லிக் காத்துக் கிடப்பது ஒன்று. இம்மூன்றும் ஒன்றே என்பது எமது துணிபு. பாவு நீளவாட்டில் போகும், ஊடை குறுக்கே பாயும், இரண்டும் கூடுமிடத்தில் ஏதோ ஒன்று விளையும். தறிக்காரர் அதைத் துணி என்பார். ஜோசியர் பலன் என்பார். என் கணவர் வெட்டி வேலை என்பார்.

ஆய்வுக்களம் எங்கள் வீட்டு இரும்பு பீரோ. அதில் புடவைகள் 63. "அறுபத்துமூவருக்கும் தவறாமல் குருபூஜை நடக்கிறதா?" என்று அண்ணன் எழுப்பிய வினா, ஆய்வுக்குப் புறம்பானது என விலக்கப்பட்டது. ஆய்வைத் தூண்டிய வினா வேறு. கும்பகோணத்துப் பெரியம்மா பந்தல் வாசலிலேயே வைத்துக் கேட்பது: "ஏண்டி, போன விசேஷத்துக்கும் இதையேதானே கட்டியிருந்தே?"

இத்துறையில் முன்னோர் செய்ததைச் சொல்லாமல் மேலே போவது மரபன்று. டான் பிரிக்ளின் ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்தபோது, கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டார். அவையெல்லாம் தாமே மாறிக்கொண்டால் என்ன என்று யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் செய்த விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள், 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. புடவை கட்டும் எவளுக்கும் இதில் புதுமை இல்லை. புடவை மாறினால் ஜாக்கெட் மாறும். ஜாக்கெட் மாறினால் வளையல், வளையல் மாறினால் பொட்டு, கடைசியில் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரின் முகம். பிரிக்ளின் கரும்பலகையில் கண்டதை என் அம்மா கண்ணாடி முன்னால் என்றோ கண்டுவிட்டாள். காப்புரிமை வாங்காமல் விட்டது மட்டும் இருவருக்கும் பொது.

இனிப் பகுப்பு. சொல்லதிகாரத்தில் தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பிரித்தது எமக்கும் போதுமானதாக இருந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றி மேல்தட்டில் பள்ளிகொண்டிருக்கும் பட்டு உயர்திணை. பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் தொங்கும் வாயில் புடவை அஃறிணை. கடைக்கும் ஆகும், கல்யாணத்துக்கும் ஒப்பேற்றலாம் என்னும் மைசூர் சில்க் வகையறா விரவுப்பெயர். நைட்டியைத் தாளில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் 'அணிந்த நாட்கள்' நெடுவரிசையில் மற்ற 63உம் தலைகுனிந்திருக்கும்.

தட்டு எண்ணையும் இடத்தையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்தோம். மூன்றாம் தட்டில் இரண்டாவது என்றால் 3-2. எக்செல் அதை உடனே பிப்ரவரி 3 ஆக்கியது. பிப்ரவரி மூன்றாம் தேதியைக் கட்டிக்கொண்டு நலங்குக்குப் போக முடியாது. பெரிய ஆய்வாளர்களும் இதில் அடிபட்டவர்களே என்பது ஓர் ஆறுதல். மார்ச்1, செப்ட்1 போன்ற மனித மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. நாங்களும் தட்டுக்கு அ, ஆ, இ என்று மாறினோம்.

நெடுவரிசைகளில் மடிப்பு மாற்றிய தேதி முக்கியமானது. பட்டை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிந்த இடத்தில் ஜரிகை இற்றுப்போகும். ஆனால் ஆய்வின் உயிர்நிலை அதற்கு அடுத்த நெடுவரிசை: 'ஜாக்கெட் பொருந்துமா?' ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் வரும் என்று நம்பித் தொடங்கினோம். கள ஆய்வில் கிடைத்தவை: 'ஊக்கு குத்தினால்', 'பிரித்தால்', 'கையைத் தூக்காவிட்டால்', 'சாப்பாட்டுக்கு முன்பு மட்டும்'. புடவை எவ்வுடம்புக்கும் பொருந்தும். ஜாக்கெட்டோ தைத்த நாளின் உடம்புக்கு மட்டும். ஆகவே அது ஆடையன்று, ஆவணம் என்க. எங்கள் தையற்கார அக்கா உள்தையலில் இரண்டு விரற்கடை துணி விட்டே தைப்பார். காரணம் கேட்டால் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

இப்போது தை மாதக் கல்யாணத்துக்கு வடிகட்டலாம். மொத்தம் 63. அவற்றுள் பட்டு 19. ஜாக்கெட் ஏறுபவை 7. பெரியம்மா கண்ணில் படாதவை 1. அதுவும் கறுப்பு, நல்ல காரியத்துக்கு ஆகாது. தாளில் 10,48,576 வரிசைகள் உள்ளன. நாளுக்கு ஒரு வரிசை எழுதினாலும் 2,870 ஆண்டுகள் தாங்கும். அத்தனை இடத்தையும் வைத்துக்கொண்டு அது எனக்கு எடுத்துக்கொடுத்தது ஒரு கறுப்புப் புடவையை.

இந்த நிலையில்தான் இரண்டு தரவுத்தளங்கள் மோதிக்கொண்டன. தம்பி மனைவியின் வளைகாப்புக்கு நான் மாம்பழக் கலர் கட்டியிருந்ததாகப் பெரியம்மா போனில் சொன்னார். தாளில் 41ஆம் வரிசை பச்சை என்கிறது. ஆல்பமும் பச்சை என்கிறது. ஆல்பத்தைப் பற்றிச் சொன்னதற்கு, "ஃபோட்டோவில் கலர் மாறித்தாண்டி விழும்" என்றார். பெரியம்மாவின் நினைவில் திருத்தும் வசதி கிடையாது.

1900 பிப்ரவரிக்கு நாள் 28தான். லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருள் அதற்கு 29 கொடுத்துவிட்டது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் தாள்களின் தேதி பிசகக்கூடாதென்று, தெரிந்தே அந்தப் பிழையை வாங்கி வைத்துக்கொண்டது. இல்லாத அந்த நாள் இன்றும் எக்செல்லில் இருக்கிறது. மென்பொருளுக்கே மூத்தவர்களிடம் இவ்வளவு மரியாதை என்றால் நான் எம்மாத்திரம்?

41ஆம் வரிசையில் பச்சையை அழித்து மாம்பழம் என்று தட்டினேன். பிரிக்ளின் ஆசைப்பட்டபடியே தாள் தானாகக் கணக்கிட்டது: பச்சைப் பட்டுக்கு எதிரே, பெரியம்மா பார்த்தது 0.

தை மாதக் கல்யாணத்துக்குப் பச்சைதான். ஜாக்கெட்டைப் பிரிக்கக் கொடுத்திருக்கிறேன்.