ஐந்து மணி அண்ணன்

திருத்தணியில் காலை ஐந்து மணிக்கு எழுவது பெரிய சாதனை ஒன்றுமில்லை. அந்நேரத்துக்குள் பூக்காரர்கள் கூடையைப் பாதி காலி செய்திருப்பார்கள். சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் குளித்து, சாப்பாட்டுப் பையோடு ரயிலடியில் நின்றுகொண்டிருப்பார்கள். மொட்டையடித்த குழந்தை ஒன்று, தலையில் சந்தனம் காய்வதற்குள், ஊரை எழுப்பும்படி அழுது முடித்திருக்கும். இவர்களில் யாருக்கும் சீக்கிரம் எழுவதற்கு ஒரு புத்தகம் தேவைப்படவில்லை. புத்தகம் வாங்கியவர் ஒருவர்தான். தெருவுக்கு ஒருவர் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

எங்கள் தெருக்காரரை ஊர் ‘அஞ்சு மணி அண்ணன்’ என்கிறது. பேர் வைத்தது கிண்டலுக்கு. அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், பட்டா மாறுதல் விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். திட்டுவது தமிழில், கணக்குப் போடுவது தெலுங்கில். இந்தத் தாலுகா 1960 ஏப்ரல் 1ஆம் தேதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு இடம் மாறியது, நாக்கு மாறவில்லை. இப்போது அண்ணனுக்கு மூன்றாவது பாஷை ஒன்றும் வந்துவிட்டது. ‘மைண்ட்செட்’, ‘ரொட்டீன்’, ‘கம்ஃபர்ட் ஜோன்’ என்று மூன்று சொற்களிலேயே அது ஓடிவிடுகிறது. ‘கம்ஃபர்ட் ஜோனை விட்டு வெளியே வரணும்’ என்பதை அவர் எப்போதும் சாய்வு நாற்காலியில் கால் நீட்டித்தான் சொல்வார்.

முன்னேற்றப் பித்து தமிழனுக்குப் புதிதல்ல. கப்பல் ஓட்டிய வ.உ.சி.யே ஜேம்ஸ் ஆலனின் புத்தகங்களை ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்று தமிழில் தந்தவர்தான். பிற்பாடு எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ வந்தது; அண்ணனுடைய அப்பா அதை அட்டை கிழியும்வரை படித்தார் என்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஆன செலவு ஒரு புத்தகம், ஒரு விளக்கு, மிஞ்சினால் ஒரு பென்சில். அண்ணன் காலத்துப் பழக்கங்கள் தனியாக வருவதில்லை; சாமானோடு வருகின்றன. தண்ணீர் குடிக்கும் பழக்கத்துக்கு நேரம் குறித்த பாட்டில். தியானத்துக்கு வட்ட மெத்தை. டைரி எழுத வளையும் கழுத்துள்ள விளக்கு. நன்றியுணர்ச்சிக்குக்கூடத் தனி நோட்டு உண்டு. அதன் முதல் பக்கத்தில் நோட்டை விற்ற கம்பெனிக்கு நன்றி எழுதியிருந்தார். இரண்டாம் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

முதல் வாரம் டீக்கடையில் அவர் பாடமெடுத்த காட்சியை ஊர் இன்னும் பேசுகிறது. தினமும் ஒரே ஒரு சதவீதம் முன்னேறினால் போதும், வருஷ முடிவில் 37 மடங்கு ஆளாகிவிடலாம் என்று ஜேம்ஸ் கிளியர் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதியிருக்கிறார் அல்லவா? கணக்கு தப்பில்லை. 1.01ஐ 365 தடவை பெருக்கினால் 37.78 வரும். நம் முருகன் கோயில் மலைக்கும் படி 365. அண்ணனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “பாத்தியா, அமெரிக்காக்காரன் இப்ப எழுதினதை நம்ம முருகன் அன்னிக்கே கல்லுல கட்டி வெச்சிருக்கான்!” என்றார். டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்தவில்லை. “அப்போ பாக்கிக்கும் இதே கணக்குதானா, ண்ணா? உங்க பேர்ல 240 ரூபா நிக்குது” என்று கேட்டுவிட்டு, தெலுங்கில் முணுமுணுத்துப் பெருக்கி, “8,880” என்றார். தசமத்தை அவராகவே தள்ளுபடி செய்ததை அண்ணன் கவனிக்கவில்லை. அதன் பிறகு ஒரு சதவீதத் தத்துவம் அந்தக் கடைப் பக்கம் எடுபடுவதில்லை.

மலையேறுவது என்று தீர்மானமானது. அதற்கு ஒரு ஜோடி ஷூ வந்தது, அடியில் காற்றுப் பை வைத்தது. மலைக்குப் படியேறுகிறவர்கள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள் என்பது இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அடிவாரம் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. செருப்பு பாதுகாக்கும் இடத்தில் ஷூவைக் கொடுத்துவிட்டு டோக்கனோடு ஏறினார். முழங்கால் ஏறியது, மூச்சு ஏறியது, காற்றுப் பை கீழே அலமாரியில் உட்கார்ந்து ஓய்வெடுத்தது. அடி எண்ணும் கைக்கடிகாரம் 365 படிக்குப் பதிலாக இரண்டு பங்குக்கு மேல் காட்டியது. படிகளுக்கு நடுவே சமதளமும் உண்டல்லவா? அதோடு, மூச்சு வாங்க உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டதையெல்லாம் அது அடியாகச் சேர்த்துவிட்டது. அண்ணன் இதில் வருத்தப்படவில்லை. அவர் வருத்தப்படுகிற ஜாதியில்லை. மறுநாளிலிருந்து திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே 2,000 அடி நடந்தார். மலையிலிருந்து இறங்கியது ஆட்டோவில். மலைப்பாதை எதற்காகப் போட்டிருக்கிறார்கள்?

நன்றாகத் தூங்கினால்தான் ஐந்து மணிக்கு எழ முடியும் என்று அடுத்த அத்தியாயம் சொன்னது. திருத்தணியில் கோடையில் தூங்குவது எளிதல்ல. மே மாதம் செய்தி வாசிப்பவர் வெயில் பட்டியலைப் படிக்கும்போது வேலூருக்கு முன்னாலோ பின்னாலோ எங்கள் ஊர் வந்துவிடும். நாள் முழுக்கக் குடித்த வெயிலைப் பாறை மலை இரவில்தான் திருப்பிக் கொடுக்கும். ஆகவே மாதத் தவணையில் ஏர் கூலர் வந்தது. ஏ.சி. போட்ட வீட்டில் பார்த்த பழக்கத்தில் கதவு, ஜன்னல், ஜன்னல் இடுக்கு எல்லாவற்றையும் அண்ணன் அடைத்தார். கூலர் வேலை செய்வது ஈரத்தை ஆவியாக்கித்தான். ஈரமான காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் புழுக்கமே மிஞ்சும். இரண்டு மணி நேரத்தில் சுவரிலிருந்த காலண்டர் நெளிந்தது, அப்பளப் பொட்டலம் துவண்டது, அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். மணி பன்னிரண்டு. அவர் வாழ்நாளில் ஐந்து மணிக்கு முன்னால் தானாக எழுந்தது அன்று ஒரு நாள்தான்.

மெக்கானிக் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு 200 ரூபாய் வாங்கிப் போனார். பிறகு கூலர் அருமையாக வேலை செய்தது. வெட்டிவேர் வாசம், மெல்லிய குளிர். அடுத்து ஒரு மெத்தை, உடம்பின் வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறதாம். அண்ணனுடைய வடிவத்தை அது ஞாபகம் வைத்துக்கொண்டதோடு விடவும் மறுத்தது. இங்கேதான் இந்த வகை மனிதர்களின் தலையெழுத்து இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஐந்து மணிக்கு எழுவதற்காகக் கூலர்; கூலர் வந்தபின் உலகத்திலேயே எழுந்திருக்கக் கூடாத நேரம் ஐந்து மணி. ஒவ்வொரு பழக்கத்துக்காகவும் ஒரு வசதி வீட்டுக்குள் வருகிறது, வந்த வசதி அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறது. அலாரம் மட்டும் தவறாமல் அடிக்கும். அதைக் கேட்டு எதிர் வீட்டில், பக்கத்து வீட்டில், கூடவே என் வீட்டிலும் எழுந்துவிடுகிறோம். தெருவே முன்னேறிக்கொண்டிருக்கிறது.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்பதில் அவருக்கும் அவருடைய மாமியாருக்கும் நடந்த விவாதத்தை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. அண்ணன் 21 நாள் கட்சி. அந்தக் கணக்கின் மூலவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். மூக்குக்குச் சொன்னதை முழு வாழ்க்கைக்கும் நீட்டிவிட்டார்கள். பிற்பாடு லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகலாம், நடுவாக 66 என்று வந்தது. மாமியார் இதொன்றும் படித்தவரில்லை. “மருந்துக்கும் விரதத்துக்கும் ஒரு மண்டலம், 48 நாள். அதுவே உங்களுக்குப் போதாது மாப்பிள்ளை” என்றார். அண்ணன் 21ஆம் நாள் வரையாவது போனாரா என்றால், போனார். மூன்று மூன்று நாளாக ஏழு தடவை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் வாங்கியதில் உருப்படியானவை மூன்று உண்டு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட்டுக்குள் ஓடும் புது மோட்டார் ஃபேன் மாட்டினார். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். குழாய் வைத்த மண்பானை ஒன்று வாங்கினார். மூன்றாவது, பெயின்டு டப்பாவும் பிரஷ்ஷுமாகத் தானே ஏறி, இந்த ஊரில் மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தார். வெயிலை வெள்ளைத் தரை திருப்பி அனுப்பிவிடுவதால் கீழ் அறையின் உக்கிரம் நிஜமாகவே தணிந்தது. ஆனால் இந்த மூன்றையும் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. ஆப் இல்லை, தவணை இல்லை, சார்ஜ் போட வேண்டியதில்லை; அதில் பேச என்ன இருக்கிறது? மிச்சமான 40 யூனிட்டைக் கூலரும் புதிதாக வந்த கால்பிடிக்கும் மெஷினும் பங்கு போட்டுக்கொண்டன. பில் 500 யூனிட்டைத் தாண்டிய மாதம், முன்னால் ஓடிய யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும் என்ற மின்வாரியச் சூத்திரம் அவருக்குப் புரிந்தது. “வருமானத்தைப் பெருக்குறதுதான் வழி” என்றார். யாருடைய வருமானம் என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவிக்கு விளங்கிவிட்டது.

டிசம்பர் 31 இரவு எங்கள் ஊரில் படி விழா. கோஷ்டி கோஷ்டியாகத் திருப்புகழ் பாடி, படிக்குப் படி கற்பூரம் காட்டி ஏறுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி முதல் தேதி எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரைமார் பங்களாவில் போய் நிற்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கூட்டத்தைத் தணிகை துரை பக்கம் திருப்பிவிட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த விழா இது. நூறாண்டு கடந்தும் நடக்கிறது. ஒரு பழக்கத்தை எடுத்துவிட்டு அதே நாளில் வேறொன்றை வைப்பது என்கிற வித்தையை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததாகத் தெரியவில்லை. நம் அண்ணன் அந்த இரவில் படிக்கொரு தீர்மானம் என்று சங்கல்பம் செய்துகொண்டு ஏறினார். நாற்பதாவது படிக்குள் நல்ல தீர்மானங்கள் தீர்ந்துபோயின. அதற்கு மேல் அவர் முணுமுணுத்ததெல்லாம் ஆன்லைன் கூடையில் போட்டு வைத்திருந்த சாமான்களின் பேர் என்று பின்னால் ஏறிய பெரியவர் சொன்னார்.

அவை ஆடிக்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆடிக் கிருத்திகைக்கு ஊர் கொள்ளாது. புஷ்பக் காவடி, பால் குடம், ‘அரோகரா’. சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். தெப்பத்துக்குச் சரவணப் பொய்கையைச் சுற்றி இடம் பிடித்துவிட்டு, கால் வீங்கி, தெருத் திண்ணைகளில் சாய்வார்கள். அண்ணன் மனைவி முந்தின நாள் இரவே வாசலில் பந்தல் போட்டுவிட்டார். யோகா பாய் நான்கும் விரிந்தன. உடம்பை ஞாபகம் வைக்கும் மெத்தை, மடக்குக் கட்டில், கூலர் எல்லாம் திண்ணைக்கு வந்தன. மண்பானைத் தண்ணீர் இலவசம். அது தர்மக் கணக்கு. செல்போன் சார்ஜ் 20 ரூபாய். கால்பிடிக்கும் மெஷின் பத்து நிமிஷத்துக்கு 30.

365 படியை வெறுங்காலோடு ஏறி இறங்கிய ஓர் ஆந்திரத்துப் பாட்டி, மெஷினுக்குள் காலை விட்டு, கண்ணை மூடி, “சால பாகுந்தி” என்றார். அவ்வளவுதான், மொட்டைத் தலைகள் வரிசை கட்டின. எல்லோருக்கும் மனைவியார் டோக்கன் கொடுத்தார். டோக்கன் ஜெராக்ஸ் கடையில் அடித்தது. நன்றியுணர்ச்சி நோட்டில் வரவு எழுதினார், இரண்டாம் பக்கத்திலிருந்து. மதியத்துக்குள் ஒரு மாத மின்கட்டணம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் கணக்குப் போட்டார்கள். பாட்டி அந்த மெஷினையே விலைக்குக் கேட்டார்.

அண்ணன் அன்றைக்கு எழுந்து வெளியே வந்தபோது மணி பதினொன்று. கூலர் போனதால் வியர்த்து எழுந்துவிட்டாராம். வாசலைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. “இதுக்குப் பேருதான் பாசிவ் இன்கம். பதினோராம் அத்தியாயத்துல இருக்கு. நான் அன்னிக்கே சொல்லல?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு விளக்கமாகச் சொல்வதற்கு வசதியாக உட்காரலாம் என்று சாய்வு நாற்காலிப் பக்கம் போனார்.

“ஏங்க, வரிசையில வாங்க” என்றார் மனைவி, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

அண்ணன் டோக்கன் வாங்கிக்கொண்டார். அவருக்கு முன்னால் நகரிக்காரர்கள் ஏழு பேர் இருந்தார்கள்.